வெற்றிலைப் பெட்டியில் 22 முத்திரை

பினாங்கு மாநிலக் கொடியின் நடுவில் நிற்பது பாக்கு மரம். தீவுக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மலாயில் பினாங் என்றால் பாக்கு. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் சபைகூடலுக்கு வெயிலில் நின்று அந்தக் கொடியைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போனால் அதே பாக்கு அப்பாயியின் வலது கன்னத்துக்குள் உப்பிக்கொண்டு இருக்கும்.

அப்பாயி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, கிளம்பும்போது ஒரு வாய், பால் வடியும் மங்கைத் துடைக்கும்போது ஒரு வாய், பாலை நிறுவை போட்டுவிட்டு வந்து ஒரு வாய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு போயிலை. பசிக்கும் அதுதான், அலுப்புக்கும் அதுதான். ராத்திரி தூங்கும்போதுகூட ஒரு துண்டு கன்னத்தில் அடங்கியிருக்கும். பல் போன பிறகு சின்ன இடிகல்லில் தட்டிப் போட்டுக்கொண்டார்.

1996-இல் அந்தக் கன்னத்தில் புண் வந்தது. எனக்குப் படிவம் 5 பரீட்சை வருடம். அதற்கு ரொம்ப நாள் முன்பே அங்கே வெள்ளையாக ஒரு திட்டு இருந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. புண் வந்தபின் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் வாய் கொப்பளிக்கிற மருந்தும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதை இங்கே கொட்டினால் இந்தப் பதிவு முடியாது, விடுங்கள்.

போன வருடம் பட்டர்வர்த்தில் அத்தையின் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தோம். அலமாரியின் மேல்தட்டில் அப்பாயியின் பித்தளை வெற்றிலைப் பெட்டி கிடைத்தது. உள்ளே பாக்குவெட்டி, கல்லாகிப்போன சுண்ணாம்பு டப்பி, அப்புறம் நாலாக மடித்த ஓர் அட்டை. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வந்த அட்டை. மொத்தம் 33 கட்டம். 22 கட்டங்களில் தேதி முத்திரை குத்தியிருந்தது. மீதி 11 காலி.

அத்தை அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “அந்தப் பதினோரு நாளும் நான் அம்மாவ இழுத்துக்கிட்டாவது போயிருந்தா?”

முப்பது வருடமாக அந்தக் கேள்வியை அவர் வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பழுதான சிப்பைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அத்தைக்கு ஒரு பதில் கிடைக்குமா என்று தேடப்போய், நைட் ஷிப்டின் ஓய்வு நேரங்களில் மாதக்கணக்கில் படித்து, கடைசியில் செல்லுக்குள் நடக்கும் தரக்கட்டுப்பாட்டில் வந்து மாட்டிக்கொண்டேன். அந்த 22 நாளும் அப்பாயியின் கன்னத்துக்குள் என்ன நடந்தது?

அப்பாயி அதை ‘லைட்டு’ என்றுதான் சொல்வார். “லைட்டு காட்டப் போகணும் தாயி.” பள்ளி விடுமுறையில் சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். பட்டர்வர்த்திலிருந்து பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன், அங்கிருந்து பஸ். லைட்டு சில நிமிடம்தான். வலிக்காது, சத்தம் மட்டும் கேட்கும். வெளியே வந்து, “இவ்ளோதானா, இதுக்கா இவ்ளோ தூரம்?” என்பார்.

அந்தச் சில நிமிடத்தில் நடப்பது சின்ன விஷயம் இல்லை. கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள், ஒரு வேளைக்கு 2 கிரே என்பது வழக்கமான அளவு. 1 கிரே பட்டால் ஒரு செல்லின் டிஎன்ஏயில் ஏறக்குறைய 40 இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்து அறுகின்றன. அப்படியானால் ஒரு வேளைக்கு, ஒவ்வொரு செல்லிலும், சுமார் 80 அறுவை. ஓர் இழை மட்டும் அறுந்தால் பரவாயில்லை, எதிர் இழையைப் பார்த்துச் செல் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அறுந்தால் எதைப் பார்த்து ஒட்டுவது?

லைட்டு இல்லாமலேயே தினமும் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏயிலும் ஆயிரக்கணக்கில் சிறுசிறு சேதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூச்சு விடுவதே ஒரு காரணம். அப்பாயியின் கன்னத்துக்கு அதற்கு மேலேயும் வரும்படி இருந்தது. பாக்கோடு சுண்ணாம்பு சேரும்போது ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் உண்டாகி டிஎன்ஏயை அரிக்கின்றன. போயிலையிலுள்ள நைட்ரோசமைன் என்ற நச்சுகள் உடம்புக்குள் உருமாறி அதில் போய் ஒட்டுகின்றன. போயிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் எழுதியே வைத்துவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையேதான் அதிகம் என்பது, தோட்டத்துப் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் புதிய செய்தியாக இருக்காது.

சரி, டிஎன்ஏ அறுந்ததும் செல் என்ன செய்கிறது? இங்கேதான் பி53 வருகிறது.

பி53 ஒரு புரதம். அதைச் செய்யும் மரபணு நமது 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சாதாரண நாளில் செல் இந்தப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும், செய்ததைச் சில நிமிடங்களில் அழித்துக்கொண்டும் இருக்கும். எம்டிஎம்2 என்று இன்னொரு புரதம் அதைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது. முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு இந்த வெட்டி வேலை? பிறகு புரிந்தது. ஆபத்து வந்த பிறகு ஆளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அழிப்பதை நிறுத்தினால் போதும், பி53 தானாகக் குவிந்துவிடும். டிஎன்ஏ அறுந்த இடத்தை ஏடிஎம் என்ற நொதி உணர்ந்து, பி53-இன் மேல் ஓர் அடையாளம் போடுகிறது. எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது. பி53 குவிகிறது.

குவிந்ததும் முதலில் அது கொல்வதில்லை, நிறுத்துகிறது. பி21 என்ற மரபணுவை எழுப்பி, “பிரியாதே, இரு” என்று செல்லைப் பிடித்து வைக்கிறது. பழுது பார்ப்பவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. 2004-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பி53-ஐ ஒளிரச் செய்து உயிருள்ள செல்களில் மணிக்கணக்காகக் கவனித்தார்கள். கதிர்பட்ட செல்லில் அது ஒரே மூச்சில் ஏறி நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, சில மணி நேரத்தில் மறுபடி ஏறியது. சேதம் அதிகமானபோது ஒவ்வோர் அலையின் உயரமும் கூடவில்லை, அலைகளின் எண்ணிக்கைதான் கூடியது. ஷிப்டில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் அதைத்தானே செய்கிறோம்? ஒரு சிப் முதல் சோதனையில் தோற்றால் உடனே குப்பையில் போடுவதில்லை, மறுபடி வைத்துப் பார்ப்போம்.

சேதம் தீரவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். பூமா, நோக்சா, பாக்ஸ் என்று சில மரபணுக்களை பி53 எழுப்புகிறது. அவை செய்யும் புரதங்கள், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழச் செய்கின்றன. அதைத் தடுக்க பிசிஎல்2 போன்ற புரதங்கள் குறுக்கே நிற்கும். யார் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்தது அந்தச் செல்லின் ஆயுள். ஓட்டை விழுந்தால் சைட்டோகுரோம் சி வெளியே கசியும். உள்ளே இருந்தவரை மூச்சுக்கு வேலை பார்த்த மூலக்கூறு அது, வெளியே வந்தால் சாவு ஓலை. அதைப் பார்த்ததும் கேஸ்பேஸ் என்னும் வெட்டு நொதிகள் விழித்துக்கொண்டு செல்லை உள்ளிருந்தே துண்டு போடுகின்றன. செல் சுருங்கிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகிறது. “என்னை எடுத்துக்கொள்” என்று மேற்பரப்பில் ஓர் அடையாளத்தை வெளிக்காட்டுகிறது. பக்கத்துச் செல்கள் தின்றுவிடுகின்றன. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படிச் சத்தமில்லாமல் போகின்றன.

இதற்குப் பெயர் வைத்தது 1972-இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை பார்த்த கெர், வைலி, கர்ரி என்ற மூவர். பெயரை எடுத்துக் கொடுத்தவர் அங்கிருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர். அப்போப்டோசிஸ் என்றால் இலை உதிர்வது. நமக்குத்தான் இலையுதிர் காலமே கிடையாதே என்பீர்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் வந்தால் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும். பால் குறையும், சம்பளம் குறையும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மீன் வாங்குவது குறையும். “மரம் எலையத் தலமுழுகிருச்சு” என்பார் அப்பாயி. இலையிலுள்ள சத்தை முடிந்தவரை திரும்ப உறிஞ்சிக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பு கட்டி, அப்புறம்தான் மரம் அதை விடுகிறது. காற்றில் கிளை முறிந்து விழுவது வேறு சங்கதி. தீப்பட்டோ அடிபட்டோ செல் வெடித்துச் சாவது அந்த வகை.

பி53-இன் கதையில் எனக்குப் பிடித்த ஒரு கூத்து இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது 1979-இல், பல ஆய்வகங்களில் ஒரே சமயத்தில். எடை 53 ஆயிரம் டால்டன் என்று தோன்றியதால் அந்தப் பெயர். உண்மை எடை 44 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. சோதனைக் களியில் அது மெதுவாக ஓடியதால் வந்த ஏமாற்றம். எடைதான் தப்பு என்றால் குணமும் தப்பு. பத்து வருடம் அதைப் புற்றுநோயை வளர்க்கும் மரபணு என்றே நினைத்தார்கள். 1989-இல்தான், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வோகல்ஸ்டீன் குழுவும் பிரின்ஸ்டனில் லெவின் குழுவும் செய்த வேலைகளில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை பலர் ஆய்வகத்தில் வைத்திருந்த பிரதிகளே பழுதானவை! நல்ல பி53 புற்றைத் தடுப்பது. கெட்டுப்போன சாம்பிளை நடுவில் வைத்துக்கொண்டு பத்து வருடம் அளவெடுத்திருக்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எழுத முடியாது.

மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கிறது. வாய்ப்புற்றில் அடிக்கடி கெட்டுப்போவதில் முதலிடமே இதற்குத்தான். கெடுவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், 393 அமினோ அமிலங்களில் ஒன்று மாறினால்கூடப் போதும். பி53 நான்கு நான்காகக் கைகோத்து வேலை செய்யும் புரதம், ஒரு கெட்ட ஆள் கோத்தால் நால்வர் வேலையும் கெடும். சில புற்றுகளில் மரபணு நன்றாகவே இருக்கும், வைரஸ் வந்து புரதத்தை அழித்துவிடும். கர்ப்பவாய்ப் புற்றில் எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் செய்வது அதைத்தான். நம் நாட்டில் 2010-இலிருந்து 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். என் மகள் கை வலிக்கிறது என்று அன்றைக்கு முழுக்கப் பாத்திரம் கழுவவில்லை.

நேர்மாறாக யானையைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பில் எத்தனை செல்! கணக்குப்படி பார்த்தால் நம்மைவிடப் பல மடங்கு புற்று வரவேண்டும். வருவதில்லை. 2015-இல் பார்த்தபோது நமக்கு ஒரு ஜோடி பி53 மரபணு என்றால் யானைக்கு 20 ஜோடி இருந்தது. டிஎன்ஏ கொஞ்சம் அறுந்தாலே யானையின் செல் நம் செல்லைவிடச் சீக்கிரம் உயிரை விட்டுவிடுகிறது. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது அதன் செல்லுக்கும் பொருந்தும் போல.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து அப்பாயியின் வாய் வெந்துபோனது. உள்கன்னம், நாக்கு, உதடு எல்லாம் புண். எச்சில் வற்றிவிட்டது. ஐம்பது வருடம் வெற்றிலைச் சாற்றோடு இருந்த வாய், ஒரு வாய்க் கஞ்சியை நனைத்து இறக்க ஈரம் இல்லாமல் நின்றது. இருபத்திரண்டாம் நாள் முடிந்து, மறுநாள் பட்டர்வர்த் பெர்ரித் துறையில் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெர்ரி வந்தது, போனது. “போதும் தாயி. நான் ஏறல.” அத்தை கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார். அடுத்த பெர்ரியும் போனது. இருவரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் அப்பாயி போய்விட்டார்.

என்னை உலுக்கிய விஷயம் இதுதான். அந்த வாயில் முதலில் செத்தவை நல்ல செல்கள். அவற்றின் பி53 ஒழுங்காக இருந்தது, சேதத்தைப் பார்த்தது, நிறுத்தியது, முடியாதபோது போகச் சொன்னது, அவையும் போயின. எலிகளின் முடியில் இதுபோல ஒன்றை நேராகவே பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வந்த ஓர் ஆய்வில், பி53 இல்லாத எலிகளுக்குக் கீமோ மருந்து கொடுத்தும் முடி கொட்டவில்லை. அப்படியானால் முடி கொட்டுவது சொன்ன சொல் கேட்கிற செல்களின் கீழ்ப்படிதல், வாய் வேவதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். அப்பாயியைப் பெர்ரியில் ஏறவிடாமல் செய்தது அவருடைய நல்ல செல்கள்.

இதைப் படித்த ராத்திரி அத்தைக்கு ஒரு பதில் தயாராகிவிட்டது என்று நினைத்தேன். அப்பாயியின் புற்றில் பி53 கெட்டுத்தான் இருந்திருக்கும். கெட்டால் செல்லுக்குச் சாகத் தெரியாது. சாகத் தெரியாத செல்லுக்கு 22 லைட்டு என்ன, 33 என்ன? “போயிருந்தாலும் பிரயோஜனம் இல்ல அத்தை.” நல்ல பதில். எங்கள் தொழிற்சாலையில் தினமும் காலையில் தெரிந்தே பழுதான ஒரு சிப்பை டெஸ்டரில் வைப்போம். அதை டெஸ்டர் ஒதுக்கவில்லை என்றால் கெட்டது டெஸ்டர். அன்றைக்கு எதுவும் வெளியே போகாது. செல்லில் கெட்டது டெஸ்டர்தான் என்று அத்தைக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

மேலும் படித்தபோது பதில் கையில் உடைந்தது. கன்னம் போன்ற இடத்துப் புற்றுச் செல்கள் லைட்டுக்குச் சாவது பெரும்பாலும் இந்த ஒழுங்கான உதிர்தலால் இல்லை. அறுந்த குரோமோசோம்களோடு, நிறுத்த ஆளில்லாமல், அவை பிரியப் பார்க்கின்றன. ஒருமுறை, இரண்டுமுறை. பாதிக் குரோமோசோம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று சிக்கிக் குலைந்து சாகின்றன. பி53 கெட்ட புற்றும் கதிருக்கு மசியும். பிடிவாதம் கூடலாம், அவ்வளவுதான்.

சரி, பிடிவாதம் எவ்வளவு? ஒரு தாளில் கணக்குப் போட்டேன். வெறும் கைக்கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் 100 கோடி செல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லைட்டுக்கும் பாதி சாகிறது என்றால், 22 முடிந்ததும் 240 செல்லுக்குக் குறைவாக மிஞ்சும். 33 முடிந்தால் ஒன்றும் மிஞ்சாது. பாதிக்குப் பதில் நூற்றுக்கு நாற்பதுதான் சாகிறது என்றால், 22-இல் 13 ஆயிரம் மிஞ்சும், 33-இலும் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும், கட்டி திரும்ப வர அது போதும். நடுவில் நிறுத்தினால் மிஞ்சியவை வேகமாகப் பெருகும் என்பது வேறு. பாதிக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்சத்தில்தான் அத்தையின் கேள்வி உட்கார்ந்திருந்தது. அதை முடிவு செய்வது அப்பாயியின் கட்டியில் எந்தெந்த மரபணு எப்படிக் கெட்டிருந்தது என்பது. 1996-இல் தோட்டத்துக் கிழவியின் கட்டியில் யாரும் மரபணு பார்க்கவில்லை.

அந்தத் தாளை அத்தையிடம் காட்டவில்லை. கசக்கிப் போட்டேன்.

ஆனால் பாதியைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துப் பக்கம் போனோம், கோவிலில் ஒரு பூசை. காரில் வைத்து வாய்ப்புண்ணைப் பற்றிச் சொன்னேன். நல்ல செல்கள் முறையாகச் செத்ததால் வந்த புண் அது என்று.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். “அப்ப அம்மா ஒடம்பு நல்ல ஒடம்புதான்” என்றார்.

“ஆமா அத்தை.”

“அந்தப் பதினோரு நாளு?”

“தெரியல அத்தை. ஒதவியிருக்கலாம், ஒதவாமலும் போயிருக்கலாம். அப்பாயி தண்ணி கூட முழுங்க முடியாம இருந்தாங்கல்ல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபின், “அன்னைக்கு நானும்தான் எந்திரிக்கல” என்றார். “அவங்க ஏறலன்னதும் எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. அதத்தான் யார்கிட்டயும் சொல்லல.”

தோட்டத்தில் லயங்கள் இல்லை. பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. கோவில் மட்டும் புதுச் சுண்ணாம்போடு நின்றது. பூசை தொடங்க நேரம் இருந்ததால் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பனை மட்டை காய்ந்தாலும் தானாக விழாது, மரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். நீளக் கம்பின் முனையில் அரிவாள் கட்டி ஒரு பையன் அண்ணாந்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தான். அறுத்த மட்டை விழும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. அத்தை சுருக்குப்பையைத் திறந்து, அர்ச்சனைக்குக் கொண்டுவந்த பாக்கை எண்ண ஆரம்பித்தார்.